முதலில் முகத்துவாரம், பிறகு நடைபாதை

அடையாற்றங்கரைப் பணிகளைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். வேம்பு பூத்து, புங்கன் துளிர்விடும் பங்குனியில் நண்பர்களோடு ஆற்றோரம் காலாற நடக்க வருகிறவர்கள் நாங்கள். நடைபாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையின் வரிசையை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முகத்துவாரத்தை மணல் அடைக்கத் தொடங்குவது இந்தப் பருவத்தில்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஆற்றில் வரத்து குறைகிறது. தெற்கிலிருந்து வடக்காக அலை தள்ளிவரும் மணலை வெளியேற்ற ஆற்றுக்கு வலு இருப்பதில்லை. சென்னையில் அமாவாசை, பௌர்ணமியில்கூடக் கடலின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதை நம்பித்தான் கழிமுகம் பிழைக்கிறது.

வாய் அடைபட்டால், வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும் வேளையில், வெளியே தெரிய வேண்டிய சேற்றுப்பரப்பு தண்ணீருக்கடியிலேயே கிடக்கும். வடக்கே புறப்படுமுன் தின்று கொழுக்க வேண்டிய உள்ளான் பறவைகளுக்கு இரை தேட இடமிருக்காது. அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே நீட்டும் மூச்சுவேரைக் குனிந்து பாருங்கள்: பென்சில் பருமன், ஒரு சாண் உயரம், மேலெல்லாம் நுண்துளைகள். தேங்கிய நீர் அதை வாரக்கணக்கில் மூழ்கடித்தால் மரம் மூச்சுமுட்டிச் சாகும். கேரிபேக் சுற்றிக்கொண்டாலும் கேடுதான். அந்தக் குப்பையைப் பொக்லைன் விட்டு வாராதீர்கள், வேர் முறிந்துவிடும். கையால்தான் அவிழ்க்க வேண்டும்.

மணல் திட்டை வெட்ட நேரம் முக்கியம். ஆற்றுப் பக்க நீர்மட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும்போது, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, வற்றம் தொடங்கும் வேளையில் வெட்டினால் வெளியேறும் தண்ணீரே வழியை அரித்து அகலப்படுத்தும். ஏற்றத்தில் வெட்டினால் அலையோடு வரும் மணல் மறுபடி அடைத்துவிடும். வெட்டிய மணலைத் தென்கரையில் குவிப்பது வீண்செலவு, அதே மணல் திரும்பி வரும். வடக்கே சீனிவாசபுரம் பக்கம் கொட்டுங்கள். கடல் அரிக்கும் அந்தக் கரைக்கும் மணல் தேவை. இது ஒரே டெண்டரில் முடிகிற வேலையல்ல. ஆண்டுதோறும் ஜனவரியிலேயே தொடங்க வேண்டும்.

இனி பாதை. சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் நடைபாதைக்குச் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர். விளக்குக் கம்பம், மின்பெட்டி, குப்பைத்தொட்டி எல்லாம் அதற்கு வெளியே நிற்கட்டும். மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட்டும் வேண்டாம், பேவர் பிளாக்கும் வேண்டாம். வேர் பருத்தால் கல் தூக்கிக்கொண்டு காலை இடறும், பிறகு வேரைத்தான் வெட்டுவார்கள். விளக்கின் வெளிச்சம் தரையில் விழட்டும், தண்ணீரில் விழ வேண்டாம்.

நுழைவாயிலில் அன்றைய வற்ற நேரத்தை ஒரு பலகையில் எழுதிவையுங்கள். அது தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். தெரிந்தால், பறவை இறங்கும் நேரம் பார்த்து மக்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
அடையாற்றங்கரையில் நடப்பவர்கள்