மீன்கார அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் படமெடுத்த பழைய ஃபிலிம் ஸ்லைடுகளும் நெகட்டிவ்களும் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கம் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி தெருமுனையில் மீன் விற்கும் அக்காவுக்கு. நனைந்த ஃபிலிமைக் கழுவாமல் காயவிடக் கூடாது. காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படமே உரிந்து வரும். அதனால் சுத்தமான தண்ணீரில் மூழ்க வைத்து, இரண்டு நாளைக்குள் கழுவி முடிக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த அவகாசமும் கிடையாது. தண்ணீர் சூடேறினால் ஃபிலிமில் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு ஊறிக் குழைந்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும். குளிர்ச்சி வேண்டும், கரன்டோ இல்லை.

பேச்சுவாக்கில் இது அக்கா காதில் விழுந்திருக்கிறது. யாரும் கேட்காமலே தெர்மோகோல் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸோடு கொண்டுவந்து வைத்துவிட்டார். "உருகுற தண்ணி உள்ள தேங்கக் கூடாது" என்று பெட்டியின் அடிமூலையில் ஓட்டை போட்டார். வஞ்சிரத்துக்கு அடுக்குகிற அதே கணக்கில் அடியிலும் பக்கவாட்டிலும் ஐஸ், மேலே ஈரச்சாக்கு. ஃபிலிம் இருந்த மூடி போட்ட டப்பாக்கள் நடுவில். ஐஸ் ஃபிலிமில் நேராகப் பட்டால் கீறிவிடும் என்று சொன்னதும், டப்பாவுக்கு டப்பா பிளாஸ்டிக் தாள் சுற்றினார். தினமும் காலையில் ஐஸ் மாற்றியதும் அவர்தான். காசு வாங்கவில்லை. பால் பாக்கெட்டுக்கே அலைந்த நாட்களில் ஐஸ் என்ன விலை விற்றது என்று யோசித்துப் பாருங்கள்.

கழுவ வந்த மாணவர்களுக்கு நன்றி. அட்டை ஃபிரேமில் சேறு தங்கும் என்பதால் ஒவ்வொரு ஸ்லைடையும் வெட்டி எடுத்து, எண் எழுதி, விரல் படாமல் அலசினார்கள். ஊறிய படத்தை விரலால் தேய்த்தால் போச்சு. கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் தந்த பேட்டரி கடைக்காரர், ஃபிலிமைக் காயப்போடக் கொடி கட்ட மாடி அறையைத் திறந்துவிட்ட குடும்பம், கேமராவையும் ஹார்டு டிஸ்கையும் ஆன் செய்து பார்க்காமல் அப்படியே பையில் போட்டுக் கொடுத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. (அரிசி டப்பாவில் கேமராவைப் புதைக்கச் சொன்னவர்களுக்கும்தான். மாவுத்தூசி உள்ளே போகும் என்பதால் அதை மட்டும் செய்யவில்லை.)

சதுப்புநிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடானது 2007இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2022இல். அதற்கு முன் தண்ணீர் எதுவரை நின்றது, குப்பை எங்கே தொடங்கியது என்று இந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும். சுற்றுச்சூழல் புகைப்படக்காரராவது எப்படி என்று அலசும்போதே சில பிள்ளைகள் கேட்டார்கள். பறவை மேல் ஆசை இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். பிறகு ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒரே உயரம். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் போய் எடுங்கள். தேதியும் திசையும் எழுதாத படம் வெறும் அழகுப்படம்.

இனி ஒரு பெட்டியும் தரைத்தளத்தில் இருக்காது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று பிரதி வைப்போம், அதில் ஒன்று வெளியூரில்.

காயவைக்க எடுத்துப்போன சில சுருள்கள் இன்னும் உங்களில் சிலர் வீட்டில் இருக்கின்றன. சுருண்டிருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், இஸ்திரிப் பெட்டி பக்கமே வேண்டாம். அப்படியே கொண்டு வாருங்கள்.