அறக்கட்டளை தொடங்கும் முன்: பராமரிப்பாளர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பல நாடுகளில் இருந்துகொண்டு ஒரே மென்பொருளைக் கட்டி, அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் திறந்த மூலத் திட்டங்களின் பராமரிப்பாளர்களுக்கு வணக்கம்.

நன்கொடை சேரத் தொடங்கியதும், அல்லது ஒரு நிறுவனம் “யாரோடு ஒப்பந்தம் போடுவது?” என்று கேட்டதும், தனி அறக்கட்டளை பதிவு செய்துவிடலாம் என்ற பேச்சு உங்களுக்குள் கிளம்புகிறது. அவசரம் வேண்டாம் என்று சொல்லவே இந்த மடல். சட்டம் அங்கீகரிக்கும் ஓர் அமைப்பு வேண்டும்தான். அது இல்லாவிட்டால், தனி நபர் கணக்கில் விழும் நன்கொடையை வரித்துறை அவருடைய வருமானமாகப் பார்க்கக்கூடும். அவர் பெயரிலுள்ள டொமைன் (இணையதளப் பெயர்) அவருக்குப் பின் வாரிசுக்குப் போகும். வழக்கு என்று வந்தால், சில நாடுகளின் சட்டம் உங்கள் எல்லோரையும் கூட்டாளிகளாகக் கருதிப் பொறுப்பாக்கவும் கூடும். ஆனால் அந்த அமைப்பை நீங்களே தொடங்க வேண்டிய தேவை பெரும்பாலான திட்டங்களுக்குக் கிடையாது.

தன்னார்வலர்கள் உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் இன்றைக்கும் சட்டப்படி ஓர் அமைப்பு அல்ல. அதன் பணத்தையும் வணிகக்குறியையும் 1997-இல் நியூயார்க்கில் பதிவான ‘சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ வைத்திருக்கிறது; ஐரோப்பாவில் வேறு அமைப்புகளும் அதன் சொத்தில் ஒரு பகுதியைக் காக்கின்றன. டெபியனின் அரசியல் சாசனம் தனி. அதன்படி ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் உருவாக்குநர்கள்தான். பணத்தை வைத்திருக்கும் அமைப்புக்கு டெபியனின் தொழில்நுட்ப முடிவுகளில் வாய் திறக்க அதிகாரமில்லை. பெட்டியை ஒருவர் காக்க, எதை எப்போது எடுப்பது என்று இன்னொருவர் முடிவெடுக்கும் இந்தப் பிரிவினைதான் எங்கள் பரிந்துரையின் சாரம். இப்படிப் பல திட்டங்களின் பணத்தையும் பெயரையும் காக்கும் குடை அமைப்புகள் கட்டணம் வாங்கும்: டெபியனின் பணத்தை வைத்திருக்கும் அமைப்பு நன்கொடையில் 5 சதவீதம், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 10 சதவீதம். கணக்காளர், வழக்கறிஞர், ஆண்டுப் படிவங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது மலிவு.

சொந்தமாகத் தொடங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 501(சி)(3) வரிவிலக்குக்கான 1023 எண் படிவத்தின் கட்டணம் 600 டாலர்தான். காத்திருப்புக்குத்தான் அளவில்லை. ஷாட்வெல் என்ற புகைப்பட மென்பொருளைச் செய்த யோர்பா அறக்கட்டளைக்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தடித்து, 2014-இல் விலக்கு மறுக்கப்பட்டது. திறந்த மூல மென்பொருளை யார் வேண்டுமானாலும் எதற்கும், வணிகத்துக்கும்கூடப் பயன்படுத்தலாம் என்பதே அதற்கு எதிராகத் திருப்பப்பட்டது. விலக்கு கிடைத்தாலும் 990 வகை ஆண்டுக் கணக்குப் படிவத்தைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யத் தவறினால் அது தானாகவே ரத்து. தன்னார்வலர்கள் நடத்தும் அமைப்பில் பொருளாளர் வேலை மாறிப் போனாலே இது நடந்துவிடும். இன்னொரு கண்ணியும் உண்டு: பணம் முழுவதையும் ஒரே பெரிய நிறுவனம் தந்தால், பொதுமக்கள் ஆதரவு மூன்றில் ஒரு பங்கு என்ற சோதனையில் தோற்று, கடுமையான விதிகள் கொண்ட தனியார் அறக்கட்டளை என்ற வகைக்குள் தள்ளப்படுவீர்கள்.

ஜெர்மனியில் சங்கம் பதிவு செய்ய ஏழு உறுப்பினர் வேண்டும். நிர்வாகி மாறும்போதெல்லாம் நோட்டரி சான்றோடு பதிவு நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். லிப்ரேஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளை நடத்தும் ‘தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ 2011 பிப்ரவரியில் 50,000 யூரோ மூலதனத்தை எட்டே நாளில் திரட்டியது. ஆனால் பெர்லினில் அறக்கட்டளையாகச் சட்ட உருவம் பெற்றது 2012 பிப்ரவரியில்தான்.

அந்தத் திட்டம் பிறந்த கதையே பெயர் யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்கும் பாடம். 2010-இல் ஓபன்ஆஃபிஸ் சமூகம் பிரிந்து லிப்ரேஆஃபிஸைத் தொடங்கியபோது நிரலை எடுத்துச் செல்ல உரிமம் அனுமதித்தது. பெயர் ஆரக்கிள் நிறுவனத்திடம் இருந்ததால் எடுத்துச் செல்ல முடியவில்லை. 2021-இல் ஃப்ரீநோட் அரட்டை வலையமைப்பை நடத்திய தன்னார்வலர்கள் கூட்டமாக வெளியேறி லிபெரா சாட்டைத் தொடங்கியதும் டொமைன் அவர்கள் கையில் இல்லாத காரணத்தால்தான். எனவே வணிகக்குறியை நிறுவியவர் பெயரில் பதியாதீர்கள். பிறகு மாற்ற ஒவ்வொரு நாட்டிலும் தனி உரிமை மாற்றப் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். குடை அமைப்பின் பெயரில், பொதுவாக மென்பொருளுக்கும் அதன் சேவைகளுக்குமான 9, 42 ஆகிய வகைகளில், ஒரு நாட்டில் விண்ணப்பியுங்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியின் முன்னுரிமை கிடைக்கும். மாட்ரிட் முறை என்ற பன்னாட்டுப் பதிவு ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைச் சேர்க்கலாம். ஆனால் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள், முதல் நாட்டில் செய்த மூலப் பதிவு ரத்தானால் அதை நம்பிய மற்றவையும் ரத்தாகும். ஆகவே மூலப் பதிவைத் தகராறு வராத சொல்லுக்கு எடுங்கள். புதுப்பிப்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை.

பதிப்புரிமை விஷயத்தில் எங்கள் கருத்து நேர் எதிர்: ஓரிடத்தில் சேர்க்காதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 2004 முதல் பின்பற்றும் முறை போதும். நிரல் தரும் ஒவ்வொருவரும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ (கையொப்பமிட்டவர்) என்ற வரியைச் சேர்த்து, அதைத் தரத் தனக்கு உரிமை உண்டு என்று சான்றளிக்கிறார்; உரிமை அவரிடமே இருக்கிறது. வேலை நேரத்தில் எழுதிய நிரல் முதலாளிக்குச் சொந்தம் என்ற சட்டம் பல நாடுகளில் இருப்பதால் அந்த வரியை வெறும் சடங்காக விடக் கூடாது. மாறாக, உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை ஒரே கையில் தரும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் இருந்தால், அந்தக் கை ஒருநாள் மாற்றியே தீரும். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் மென்பொருளின் உரிமத்தை மாற்றியதும், அதிலிருந்து ஓபன்டோஃபு என்ற கிளை பிரிந்ததும் நீங்கள் பார்த்ததுதான். உரிமை சிதறிக் கிடந்தால் உரிமம் மாற்றுவது பெரும்பாடு என்பதும் உண்மை. 2012-இல் தன்னார்வலர்கள் உருவாக்கும் உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் உரிமம் மாறியபோது சம்மதிக்காதவர்களின் தரவுகளை நீக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமமே உங்கள் பாதுகாப்பு. ஆகவே முதல் நாளே உரிமத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

இனி நிர்வாக விதிகள். 2018 ஜூலையில் பைதான் நிரல்மொழியின் நிறுவனர் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகியபோது, அடுத்து யார் என்பதற்கு விதியே இல்லை. மாதக்கணக்கில் விவாதித்து ஐந்து பேர் வழிநடத்தும் குழுவை அமைத்தார்கள். அதில் ஒரே நிறுவனத்தில் வேலை செய்வோர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பதவியில் இருப்பவர் வேலை மாறி அந்த வரம்பு மீறினால் யார் விலகுவது என்பதையும் எழுதுங்கள். வாக்கெடுப்புக்கு, பல திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் வழக்கம் நல்லது: குறைந்தது 72 மணி நேரம், எந்த நேர மண்டலத்தில் இருப்பவரும் பார்க்கும்படி. நிரல் மாற்றத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் சொல்லி ஒருவர் தடை போடலாம். வெளியீட்டுக்கு மூன்று ஆதரவு வாக்குகளும் எதிர்ப்பைவிட அதிக ஆதரவும் போதும், தடை செல்லாது.

அடிக்கடி உடைவது குறைந்தபட்ச வாக்குப்பதிவு விதி. “உறுப்பினரில் பாதிப் பேர்” என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று ஆண்டில் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். பிறகு அந்த விதியையே திருத்த ஆள் தேறாது. தொடர்ந்து இரண்டு வாக்கெடுப்புகளில் கலந்துகொள்ளாதவர் தானாகவே ஓய்வு உறுப்பினர், அவர் எண்ணிக்கையில் சேரமாட்டார் என்று முதலிலேயே எழுதுங்கள்.

நாடு எது என்பதும் முக்கியம், ஆனால் நினைக்கும் அளவுக்கு அல்ல. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சிப் வடிவமைப்புத் தரத்தைக் காக்கும் அமைப்பு 2020-இல் சுவிட்சர்லாந்துக்கும், திறந்த மூல எக்லிப்ஸ் அறக்கட்டளை 2021-இல் பிரஸ்ஸல்ஸுக்கும் மாறின. நீங்களும் மாறலாம். ஆனால் நிரல் இருக்கும் தளமும் வங்கியும் அமெரிக்காவில் இருக்கும்வரை அதன் பொருளாதாரத் தடைகள் உங்களைத் தொடும். 2019-இல் நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களைக் கட்டுப்படுத்தியதும், 2024 அக்டோபரில் லினக்ஸ் கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து சில ரஷ்யர்கள் நீக்கப்பட்டதும் அப்படித்தான். நிரலின் முழுப் பிரதியை வேறொரு நாட்டிலும் தினமும் எடுத்து வையுங்கள்.

டிஜிட்டல் பொருட்களின் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம், திறந்த மூல மென்பொருளைத் தொடர்ந்து தாங்கும் சட்ட அமைப்புகளுக்கென ஒரு தனி வகையை உருவாக்கியிருக்கிறது. பாதுகாப்புக் குறைகளை அறிவிக்கும் கடமைகள் 2026 செப்டம்பர் 11 முதலும், முழுச் சட்டம் 2027 டிசம்பர் 11 முதலும். அந்த வகைக்கு அபராதம் இல்லை, ஆனால் எழுத்தில் பாதுகாப்புக் கொள்கை வேண்டும். அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்று குடை அமைப்பிடம் இப்போதே கேளுங்கள்.

கடைசியாக, வெளியேறும் வழி. ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற குடை அமைப்பு 2024 பிப்ரவரியில் மூடப்போவதாக அறிவித்தபோது, அதை நம்பியிருந்த குழுக்கள் எல்லாம் அந்த ஆண்டுக்குள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. 501(சி)(3) அமைப்பின் பணம் அறநோக்கத்துக்கே போக வேண்டும் என்பதால், வெளியேறும்போது அதே தகுதியுள்ள இன்னொரு அமைப்புக்குத்தான் வழக்கமாக மாற்றுவார்கள். ஐரோப்பியச் சங்கத்துக்கு மாற்றுவது கடினம். 90 நாள் முன்னறிவிப்பு, பெயர், டொமைன், பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தே மாற்றப்படும் என்ற உறுதி, திட்டத்தின் சார்பில் கையெழுத்திட மூன்று பேர், அவர்களில் இருவர் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது, ஒருவர் மறைந்தால் பதிலாளைத் தேர்ந்தெடுக்கும் முறை: இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். வரைவை வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரும் படிக்கும் இடத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
திறந்த மூலத் திட்டங்களின் சட்ட, நிர்வாக வேலைகளைக் கவனிப்போர் சிலர்