வாசலில் வாங்கும் கருவிக்கு ஒரு துண்டு தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் தண்ணீர்ப் பம்பும் லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினும் திருத்துகிறவன். ஊர் முதலைக்குடா. கடை என்று ஒன்று இல்லை. மோட்டார் சைக்கிளும் அதன் பின்னால் கட்டிய தகரப் பெட்டியும்தான் கடை. இவை போக இடுப்பு வாரில் ஒரு தோல் உறை தொங்கும். அதற்குள் இருப்பதால் எனக்கு நேர்ந்ததை எழுதவே இக்கடிதம்.

உறைக்குள் இருப்பது ஒரு மடக்குக் குறடு. அமெரிக்காவின் லெதர்மேன் கம்பனி செய்தது, அதிலும் ‘சேர்ஜ்’ என்கிற பெரிய ரகம். 2016இல் கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான், கைப்பையில் வைத்தால் விமானத்தில் பறித்துவிடுவார்கள் என்று பெரிய பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து தந்தது. மடித்தால் நாலரை அங்குலம். நிறை 355 கிராம், முக்கால் இறாத்தலுக்குச் சற்றுக் கூட. விரித்தால் குறடு. வெளிப்பக்கத்தில் இரண்டு கத்தி, ஒரு கத்தரிக்கோல், வாளும் அரமும் மாற்றிப் போடுகிற ஓர் இடம். கைப்பிடிகளுக்குள் திருப்புளிகள், குத்தூசி, டின் வெட்டி. மொத்தம் 21 வேலை என்பது கம்பனியின் கணக்கு. நான் கண்டது ஏழெட்டு.

“பெட்டிக்குள் எல்லாச் சாமானும் இருக்கே, இதை ஏன் இடுப்பில் சுமக்கிறாய்?” என்று கேட்காத ஆள் இல்லை. வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், வந்து பார்த்தால் தெரியும். மோட்டார் சைக்கிள் ரோட்டோடு நின்றுவிடும். பம்ப் நிற்பது வாய்க்காலடியில். நடுவில் அரை மைல் வரம்பு, கால் வைத்தால் வழுக்குகிற களி.

போன சிறுபோகத்தில் வெல்லாவெளிப் பக்கம் ஒரு வயல். கதிர் பறியும் நேரம். பம்ப் இரைகிறது, தண்ணீர் வரவில்லை. உறிஞ்சு குழாயின் கிளிப் இளகிக் காற்று இழுத்துக்கொண்டிருந்தது. திருப்புளியால் இறுக்கினேன், தண்ணீர் வந்தது. ஐந்து நிமிடத்தில் எஞ்சின் நின்றது. காபரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தவிட்டு நிறத்தில் ஊத்தை, பெற்றோல் போகிற ஜெற்றின் துளை அடைத்துக்கிடந்தது. உறைக்குள் நான் எப்போதும் செருகி வைத்திருக்கிற பழைய கிளச் கேபிள் துண்டில் ஓர் இழையை வெட்டி எடுத்துத் துளைக்குள் விட்டேன். பெற்றோல் குழாயின் நுனியும் வெடித்திருந்தது. இடது கையால் குழாயை நசித்துப் பிடித்தபடி வலது கைப் பெருவிரலால் கத்தியை விரித்து அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டினேன். பொழுதுபட முன்னம் தண்ணீர் ஏறிவிட்டது. பெட்டிக்காக ரோட்டுக்குப் போய் வந்திருந்தால் இருட்டியிருக்கும், அந்தப் பக்கம் இருட்டினால் யானை வரும்.

சின்னதாக ஒன்று போதாதா என்று மருமகன் கேட்பார். அவருடையது சாவிக் கோர்வையில் தொங்குகிறது. அதன் வாயால் பம்பின் கிளிப்பைப் பிடித்தால் கிளிப் அசையாது, குறடுதான் முறுகும். அதற்காக என்னுடையது எல்லாம் செய்யும் என்று சொல்ல வரவில்லை. நட்டுக்குக் குறடு போட்டால் நட்டின் மூலை மழுங்கிப்போகும். அதற்கு 10 மில்லிமீற்றர் ஸ்பெனர் சட்டைப் பையில் தனியாக இருக்கிறது. யானை வேலி திருத்தப் போன இடத்தில் உருக்குக் கம்பியை வெட்டி வெட்டுவாயில் பள்ளம் விழுந்தது. நல்லகாலம், இந்த ரகத்தில் அதைக் கழற்றி மாற்றலாம். வாவிக் காற்றுக்கு மூட்டில் துருப் புள்ளி வரும், தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விட்டு நான் பட்ட பாடு போதும், பிசினாகிவிடும்.

இதைச் செய்த டிம் லெதர்மேன் என்பவர் 1975இல் பெண்சாதியோடு ஒரு பழைய ஃபியற் காரில் ஐரோப்பா சுற்றியிருக்கிறார். கார் அடிக்கடி பழுது, தங்கின விடுதிகளில் தண்ணீர்க் குழாய் ஒழுக்கு, கையில் இருந்தது ஒரு சாரணர் கத்தி மட்டும். இதோடு ஒரு குறடும் சேர்ந்திருந்தால் என்று நினைத்த மனிசனுக்கு முதல் விற்பனை கிடைத்தது 1983இல். எட்டு வருடம்! பழைய எஞ்சினோடு மல்லுக்கட்டின ஆள் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு ஒட்டு.

என் அப்பாவும் வெறும் இடுப்போடு திரிந்தவர் இல்லை. வெற்றிலை பாக்கு வைக்கிற கொட்டப்பெட்டி, அதற்குள் பாக்குவெட்டி, பக்கத்தில் ஒரு வில்லுக்கத்தி. 1978 நவம்பர் சூறாவளி அடித்து விடிந்த காலை, சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவில் சிக்கிக் கத்திய மாட்டின் கயிற்றை அந்தக் கத்தியால் அறுத்துவிட்டதை ஏழு வயதில் பார்த்தேன். பிறகு வந்த யுத்த காலம் வேறு. அம்பிளாந்துறையில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கினால் பையில் கிடக்கிற திருப்புளிக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா வில்லுக்கத்தியைக் கூரைக் கிடுகில் செருகினார், அங்கேயே துருப்பிடித்துப் போனது. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு நகரத்தில் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு நானும் என்னுடையதை ஏழெட்டு மாதம் அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன், ஒருவரும் சொல்லாமலே. “என்ன மனே, இடுப்பில துவக்கா?” என்று வயலுக்குள் ஒரு கிழவி கேட்டுச் சிரித்தாலும் எங்கள் பக்கத்தில் அது முழுப் பகிடி இல்லை. ஆகவே வாசலில் சோதிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கோயிலுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் போகும்போது நானாகவே வீட்டில் வைத்துவிடுவேன்.

இனி நடந்தது. இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கிழமை, காணிப் பத்திர அலுவலாக நகரத்தில் ஒரு கந்தோருக்குப் போனேன். வயலில் இருந்து நேரே போனதால் உறை இடுப்பில். வாசலில் இருந்த காவல்காரத் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்: “அண்ணே, இத வச்சிட்டுப் போங்க, வரக்க எடுக்கலாம்.” கொடுத்தேன். மேசை லாச்சிக்குள் போட்டார். நான் வெளியே வர மூன்று மணி. அந்தத் தம்பியின் முறை முடிந்து வேறொருவர் இருந்தார். லாச்சியில் ஒரு குடை, இரண்டு சாவி, ஒரு கொப்பி. என்னுடையது இல்லை. “ஆரிட்டக் குடுத்தீங்க? துண்டு இருக்கா?” என்று கேட்டார். துண்டு ஒருவரும் தரவில்லை.

மூன்றாவது நாள் போனபோது லாச்சிக்குள் இருந்தது. கத்தி முனை அரை நெல்லளவு முறிந்து, அலகில் பச்சைப் பெயின்ற். ஆரோ பெயின்ற் டின் மூடி கிளப்பியிருக்கிறார். நான் ஆரையும் குற்றம் சொல்லவில்லை, அந்தக் கந்தோரின் ஜன்னல் கம்பிகளும் அதே பச்சையில் காயாமல் இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். முனை முறிந்ததை விட எனக்குக் கோபம் வேறு. அதே கருவியில் மூடி கிளப்பத் தோதான அகலத் திருப்புளி ஒன்று இருக்கிறது. அதை விரிக்கத் தெரியாதவர் கத்தியை விரித்திருக்கிறார். கம்பனி 25 வருடத்துக்கு உத்தரவாதம் சொல்கிறது, ஆனால் பெயின்ற் டின் கிளப்பின கத்தியை முதலைக்குடாவில் இருந்து அமெரிக்காவுக்கு அனுப்பி நியாயம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஒரு பின்நேரம் முழுக்கக் கல்லில் தேய்த்துப் புது முனை எடுத்தேன். கத்தி இப்போது கொஞ்சம் கட்டை.

காவல்காரரில் பிழை இல்லை. அவருக்குக் கொடுத்திருப்பது ஒரு மேசையும் பூட்டில்லாத ஒரு லாச்சியும். நான் கேட்பது பெரிய செலவில்லை. இருபது தகரத் துண்டுகளில் இலக்கம் அடித்து, சோடி சோடியாக, ஒன்று பொருளோடு, மற்றது ஆளின் கையில். பூட்டுகிற ஒரு பெட்டி. திருவிழாவில் சைக்கிள் விடுகிற இடத்திலேயே துண்டு தருகிறார்களே! உளி கொண்டு திரிகிற தச்சனுக்கும், தேங்காய் பறிக்கிறவரின் கத்திக்கும், முடி வெட்டுகிறவரின் சவரக் கத்திக்கும் இதே கதைதான். வயலில் இருந்தும் மரத்தில் இருந்தும் இறங்கி நேரே கந்தோருக்கு வருகிற மனிசர் நாங்கள்.

அந்தப் பத்திரத்தில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை வந்திருக்கிறது. வருகிற திங்கள் திருத்தப் போக வேண்டும். இரண்டு தகரத் துண்டு வெட்டி, இரண்டிலும் 1 என்று அடித்து வைத்திருக்கிறேன். ஒன்றைக் காவல்காரரிடம் நானே கொடுப்பேன்.

இப்படிக்கு,
பம்ப் திருத்துநர்,
முதலைக்குடா.