ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்

அன்புள்ள மகளுக்கு,

ஹட்டனில் நாங்கள் எல்லோரும் சுகம். ஹீட்டரைப் போட்டதும் கரண்ட் போகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில், மெயின் பெட்டியில் எது விழுகிறது என்று பார். வரிசையாக இருக்கும் சின்ன பிரேக்கர் என்றால் சுமை கூடிவிட்டது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். கேத்தலும் பெரும்பாலும் அவ்வளவு. அயனையும் சேர்த்து ஒரே மல்டி பிளக்கில் போட்டால் தாங்காது.

ஆனால் உனக்குப் போட்ட நொடியே வீடு முழுக்க இருண்டுவிடுகிறது என்றாய். அப்படியென்றால் விழுவது டெஸ்ட் பட்டன் வைத்த ட்ரிப் சுவிட்ச்சாகத்தான் இருக்கும். அது சுமைக்கு விழாது. போன கரண்ட் முழுசாகத் திரும்பாமல் எங்கேயோ கசிந்தால் விழும். 30 மில்லி ஆம்பியரே போதும். நுவரெலியா ஈரத்தில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டருக்கு இது வரும். சுருள் கம்பியைச் சுற்றிக் குழாய்க்குள் அடைத்திருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை இழுத்துக்கொண்டால், கரண்ட் வெளித் தகரத்துக்குக் கசியும். எங்கள் பெக்டரியிலும் ஈரம் பிடித்த மோட்டாரை உலர்த்தி, கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் ஓட்டுவோம்.

ஹீட்டரைக் கழற்றிவிட்டு ட்ரிப்பை மேலே தூக்கு. அதே பொயின்ட்டில் கேத்தலை மட்டும் போடு. ட்ரிப் விழாமல் நின்றால் குற்றம் ஹீட்டரில். அதற்கும் விழுந்தால் அந்தப் பொயின்ட்டைத் தொடாதே, வீட்டுக்காரரிடம் சொல்லி வயரிங்கைப் பார்க்கச் சொல். ஹீட்டர் பிளக்கின் கால்களையும் பார். பழுப்பேறி, பக்கத்துப் பிளாஸ்டிக் இளகியிருந்தால் உள்ளே ஸ்க்ரூ லூஸ். பிளக்கை மாற்றத்தான் வேண்டும்.

பக்கத்து அறைப் பிள்ளை ட்ரிப்பை விலக்கி நேரே லைன் கொடுக்கலாம் என்றதாமே. அதற்கு மட்டும் சம்மதிக்காதே மகள். அப்புறம் அந்தத் தகரத்தில் கை வைத்தால் உன்னைக் காப்பாற்ற அங்கே ஒன்றும் இருக்காது.

ஹீட்டரைத் திருத்தும்வரை சுடுதண்ணிப் போத்தலை வைத்துக்கொண்டு படு. குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோகாதே. கதவு சாத்திய அறையில் கரிப்புகை தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். கேத்தலைப் போட்டுப் பார்த்ததும் எனக்கு ஒரு கோல் எடு.

அப்பா