கார் கட்டும் முன் கை பழக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாகக் கார் செய்து பார்க்கும் மதுரை இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்த கட்டுரையை என் பட்டறையில் எல்லோருமே படித்தோம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் ஆசை வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அதில் ஓர் இளைஞர், எல்லா வேலையையும் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருந்தார். கட்டுரையும் அதைப் பாராட்டியிருந்தது. அந்த ஓர் இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கார் கட்டும் முன், ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நிற்க, கையால் செய்து பழகும் வகுப்பு ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கோ.புதூர் தொழிற்பேட்டையில் லேத்தும் வெல்டிங்கும் வைத்துத் தொழில் செய்கிறேன். வண்டி கட்டும் பிள்ளைகள் இரண்டு விதமாக என்னிடம் வருகிறார்கள். முதல் வகையினர் பொறியியல் கல்லூரி மாணவர்கள். கரடுமுரடான தரையில் ஓடும் வண்டிகளுக்கான பாஜா போட்டிக்கோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் பந்தயக் கார் போட்டிக்கோ வண்டி செய்பவர்கள். அவர்கள் கையில் விதிப் புத்தகம் இருக்கும். பாஜா வண்டியில் ஓட்டுநரைச் சுற்றி வரும் கூண்டுக்கான குழாய் வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், சுவர் கனம் 3 மில்லிமீட்டர், எஃகில் கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. அவர்களைக் கேள்வி கேட்க ஒரு பேராசிரியர் இருக்கிறார். களத்தில் இறங்கும் முன் வண்டியைச் சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது வகையினர் தனியாக வருகிறார்கள். பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கியிருப்பார்கள். அதன் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருந்துகொண்டு பின் சக்கரத்தை ஓட்டுவது என்பதால், திறந்த ஸ்போர்ட்ஸ் கார் செய்ய நினைப்பவர்களுக்கு அது வசதி. நல்ல தேர்வுதான். ஆனால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு என்று தண்ணீர்க் குழாயைக் கொண்டு வருவார்கள். ஜி.ஐ. குழாய்! அந்தத் துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும்; அதைச் சுவாசித்தவனுக்கு இரவில் குளிர்க்காய்ச்சல் வரும். பூச்சு கலந்த வெல்டிங்கில் பொத்தலும் விழும். இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை. வெல்டிங் வரிசை மேலே அழகாகத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உள்ளே இரும்போடு இரும்பு உருகிச் சேர்ந்திருக்கிறதா என்பது மேலே பார்த்தால் தெரியாது. இரண்டு துண்டைச் சேர்த்து, வைஸில் பிடித்து, சுத்தியலால் அடித்து வளைத்துப் பார்க்க வேண்டும். ரம்பத்தால் அறுத்து வெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். தான் வைத்த வெல்டிங் தன் கண் முன்னால் பிளந்து வருவதை ஒருவன் ஒரு தடவை பார்த்துவிட்டால், பிறகு அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை இது.

ஸ்டியரிங் தண்டை நடுவில் வெட்டி நீளம் கூட்டி ஒட்டித் தரச் சொல்லியும் வருகிறார்கள். எவ்வளவு பணம் தந்தாலும் அதை நான் செய்வதில்லை. ஏன் செய்ய மாட்டேன் என்று உட்கார வைத்து விளக்குகிறேன். வருத்தத்தோடு போகிறார்கள். வேறு பட்டறையில் செய்துகொண்டு விடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

பிரேக் விஷயம் இன்னும் நுட்பமானது. பிரேக் பைப்பின் நுனியை மடித்து விரிக்கும்போது இரட்டை மடிப்பாக வர வேண்டும். ஒற்றை மடிப்பு அழுத்தத்தில் பிளந்துவிடும். விரித்த நுனி சாய்வாக இருந்தால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் கசியும். பிறகு பிரேக் எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் பக்கம் காற்றை வெளிவிடும் நிப்பிளைத் திறந்து மூட, குமிழ் வருவது நிற்கும் வரை பொறுமையாகச் செய்யும் வேலை. பெரும்பாலான வண்டிகளில், பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில்தான் தொடங்குவோம். காற்று முழுவதும் போன பெடலுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் பெடலுக்கும் உள்ள வேறுபாடு பாதத்துக்குத்தான் தெரியும். எந்த வீடியோவும் அந்த மெத்தென்ற உணர்வைக் காட்டிவிட முடியாது. பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் "இப்போது மிதி, இப்போது மிதித்துப் பார்" என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும்.

நட்டு முறுக்குவதும் அப்படியே. பலம் உள்ள பையன் முழு பலத்தையும் போட்டு முறுக்குகிறான். போல்ட் இழுபட்டு மெலிந்துவிட்டது அவனுக்குத் தெரிவதில்லை. முறுக்கும் அளவை முன்பே வைத்துக்கொள்ளும் டார்க் ரெஞ்சைக் கையில் கொடுத்து, அது 'டக்' என்று விடும் இடத்தை உணரச் செய்தால்தான் அளவு கைக்குள் வரும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும் வலிமைக் குறியின் பொருள், நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும் என்பது, சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி முறுக்கும் வரிசை, இவையெல்லாம் அந்த ஒரு பாடத்திலேயே வந்துவிடும்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். 1962-இல் வந்த பழைய கோப்ரா காரின் வடிவில் ஒரு கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார், கட்ட ஆசைப்பட்டான். மாசசூசெட்ஸில் 1995-இல் தொடங்கப்பட்ட பேக்டரி ஃபைவ் என்ற நிறுவனம் அத்தகைய கிட்டுகளை விற்கிறது. சேஸிஸும் உடற்பகுதிகளும் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும். எஞ்சினும் கியர் பாக்ஸும் நாம் தேடிக்கொள்ள வேண்டும். அவன் கிட்டுக்குப் பணம் கட்டும் முன் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். அந்த மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் 1908-இல் பிறந்த அதே ஊரில், மாட் சமுதாயக் கல்லூரியில் இப்படிப்பட்ட வகுப்புகள் நடந்திருக்கின்றன. வெறும் சேஸிஸில் தொடங்கி, வந்தவர்கள் எல்லோரும் கூடி ஒரு முழுக் காரைப் பூட்டுகிறார்கள். அலுமினியத் தகட்டுக்குத் துளை போட்டு ரிவிட் அடிப்பது, சஸ்பென்ஷன் மாட்டுவது, ஒயரிங் இழுப்பது எல்லாம் அவரவர் கையால். ஃபைபர் உடம்பில் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை, ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயரைத் தனியாகச் சேஸிஸுக்குக் கொண்டு வர வேண்டும் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன் என்று தொலைபேசியில் சொன்னான்.

இன்னொன்றும் சொன்னான். கூட வந்தவர்களில் ஒருவர், வகுப்பு முடிந்ததும் கிட் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டாராம். தனக்கு அவ்வளவு பொறுமையும் இடமும் இல்லை என்று தெரிந்துகொண்டு மன நிறைவோடு வீடு திரும்பினார். இதுவும் வகுப்பின் பயன்தான் என்று நான் கருதுகிறேன். அந்த நாடுகளில் பாதியில் நின்றுபோன கிட் கார்கள் விற்பனைக்கு வந்தபடியே இருக்கின்றன. வீட்டுக் கொட்டகையில் பணமும் கனவும் சேர்ந்து துருப்பிடிப்பதைவிட, முன்கூட்டியே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

கிட் கார் புதிய சங்கதி அல்ல. இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் 1957-இல் வந்தபோது, பிரித்த பாகங்களாக வாங்கினால் கொள்முதல் வரி இல்லை என்பதால் பலர் வீட்டிலேயே பூட்டினார்கள். இன்றும் அங்கே சொந்தமாகக் கட்டிய காரைத் தனித்தனியாகச் சோதித்துப் பதிவு செய்யும் அரசு முறை இருக்கிறது. நம் நாட்டின் நிலைமை வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி, ஒரு மாதிரி வாகனத்தைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் சோதித்துச் சான்று தர வேண்டும். தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதிய விதி அது. பதிவு பெற்ற வண்டியின் அடிப்படை அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்றவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தரவில்லை. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே ஆம்னியைப் பிரித்துச் செய்த காரை அழகர்கோவில் சாலையில் ஓட்ட முடியாது. சொந்த நிலத்திலோ பந்தயத் தளத்திலோதான் ஓட்டலாம். தங்கள் கட்டுரையில் இந்த விவரம் இல்லை. பணத்தைக் கொட்டிய பிறகு இது தெரிய வரும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். எந்த வகுப்பு நடந்தாலும், ஸ்பேனரைத் தொடும் முன் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இந்த ஆசையே வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதன் நம் கோவைக்காரர். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் வளர்ந்தது இந்த மதுரையில். மோட்டார் தொழில் தெரிந்த குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் வாழ்நாள் முழுவதும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் அறிவைக் கேட்டு வாங்க ஆள் இல்லை.

கோ.புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையமோ, இங்குள்ள பொறியியல் கல்லூரிகளில் ஒன்றோ சனி, ஞாயிறுகளில் பொதுமக்களுக்கு ஒரு குறுகிய பயிற்சி நடத்தலாம். புதிய கட்டடம் வேண்டாம், விலை உயர்ந்த கிட் வேண்டாம். ஓடாத ஆம்னி ஒன்று போதும். அதை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, அளந்து, திரும்பப் பூட்டி ஓட வைக்க வேண்டும். கூடவே ஒரு வெல்டிங் மேசை. ஓர் ஆசிரியருக்கு ஆறேழு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. கூடினால் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். என் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்ட பெண்ணின் கை, ஆண்கள் யாருடையதையும்விட நிதானமானது.

அப்படி ஒரு பயிற்சி தொடங்கினால், வெல்டிங் பாடத்துக்குத் தேவையான துண்டுக் குழாய்களையும் கம்பிகளையும் நான் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் லேத்தையும் வைஸ் மேசையையும் பயன்படுத்திக்கொள்ளலாம்; நானும் கூட நிற்பேன். நடத்த முன்வரும் நிறுவனம் எதுவானாலும், தங்கள் மதுரை அலுவலகம் வழியாக எனக்குத் தகவல் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கோ.புதூர் தொழிற்பேட்டை, மதுரை.