பொதுப் படகுக்கு இன்னும் 1,21,200 ரூபாய் வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால் வேண்டும்

ஊர்ச் சொந்தங்களுக்கும், துபாய், மஸ்கட், சென்னை, தூத்துக்குடி என்று பிழைக்கப் போன இடங்களில் இருக்கிற நம்ம பிள்ளைகளுக்கும், கப்பலில் வேலை பார்க்கிற தம்பிமாருக்கும் படகுக் கமிட்டியின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஒக்கி புயலுக்கு அப்புறம் ஊர் கூடி வரி போட்டு வாங்கிய பொதுப் படகு இப்போது கடலில் இறக்கும் நிலையில் இல்லை. பைபர் மேஸ்திரி வந்து, எஞ்சின் மாட்டுகிற பின்பலகையை ஒரு சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங் டங் என்று கேட்ட சத்தம் போல்ட் பக்கத்தில் வந்ததும் பொத் பொத் என்று ஆகிவிட்டது. ஒரு போல்ட்டைக் கழற்றினார், ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது. ஸ்குரூ டிரைவரை விட்டு நோண்டினால் உள்ளே இருக்கிற பிளைவுட் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி கையோடு வருகிறது. வெளியே பெயிண்ட் இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. இதில் எஞ்சினை மாட்டி முழு வேகம் கொடுத்தால் பலகையோடு பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போகும், படகில் இருக்கிறவன் கதி என்ன என்று கேட்டுவிட்டு அவர் கருவிகளை எடுத்துக் கட்டிவிட்டார்.

மற்றது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். துறைமுகம் இல்லாத ஊர் நமது, போகும்போதும் வரும்போதும் மணலில்தான் இழுக்கிறோம். நம்ம கடற்கரை மணலில் கார்னெட் கலந்திருக்கிறது, உப்புத்தாள் செய்வதற்குப் பயன்படுத்துகிற அதே கல். அதில் இழுபட்டு இழுபட்டு படகின் அடியில் நீளமாக ஓடுகிற ஏரா தேய்ந்து, மேல்பூச்சான ஜெல்கோட் போய், கண்ணாடி இழை வெளியே தெரிகிறது. இழை தெரிந்தால் தண்ணீர் உள்ளே ஏறும், படகு கனக்கும், வேகம் குறையும்.

எஞ்சினின் அடிப்பகுதி அலுமினியம். உப்புத்தண்ணீரில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஒன்றாகக் கிடந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அதைக் காப்பாற்றத்தான் துத்தநாகக் கட்டை ஒன்றை மாட்டி வைப்பது, முதலில் அது கரையட்டும் என்று. பாதி கரைந்ததுமே மாற்ற வேண்டிய அந்தக் கட்டை இப்போது ஒரு துண்டுதான் மிச்சம் இருக்கிறது. (புதுக் கட்டை மாட்டிய பிறகு அழகுக்காக அதன் மேல் யாரும் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாது.) அப்புறம், கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு தடவையும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு உறைந்து தண்ணீர் போகிற வழியை அடைத்து எஞ்சின் சூடாகிவிடும். நம்ம ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் உப்பு, குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு காத்து நிற்கிறோம். ஆனாலும் எஞ்சினுக்கென்று ஒரு டிரம் நல்ல தண்ணீர் தனியாக வைத்தே ஆகவேண்டும்.

கணக்கு இதுதான். மரைன் பிளைவுட், ரெசின் பசை, கண்ணாடி இழை மேட் 62,000. கூலி 38,000. எஞ்சின் வேலை, தண்ணீர் பம்ப், துத்தநாகக் கட்டை எல்லாம் சேர்த்து 47,500. ஏராவுக்குப் புது அடிப்பட்டை 14,000. பெயிண்ட் 9,000. வெயிலும் மழையும் படாமல் நிறுத்த ஒரு கொட்டகை 22,000. மொத்தம் 1,92,500 ரூபாய். கையில் இருப்பது 71,300. போல்ட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடச் சொல்லியிருக்கிறோம், விலை கூடத்தான், ஆனால் சாதாரண 304 கடல் தண்ணீரில் சீக்கிரம் புள்ளி புள்ளியாக அரிக்கும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். பைபர் வேலைக்கு ஈரம் ஆகாது. பலகையைப் பிரித்து நன்றாகக் காயவிட்ட பிறகுதான் ரெசின் ஒட்டும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் படகைத் தொட முடியாது. புயல் வருகிற மாதங்களும் அவைதான். 2017 நவம்பர் 30ஆம் தேதி குமரிக் கடலில் ஒக்கி அடித்தபோது இந்தக் கரையில் நின்று அழுத தாய்மாரை ஊர் மறந்திருக்காது. ஆள் தேடிப் போக ஊருக்கென்று ஒரு படகு வேண்டும் என்று அன்றைக்குப் பேசித்தானே இதை வாங்கினோம்?

நம்ம பெரியவர்கள் எப்படி இருந்தவர்கள் என்று இளசுகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1542இல் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபோதே நம்ம ஆட்கள் கடலை அளந்தவர்கள். ஜி.பி.எஸ். கிடையாது. மகேந்திரகிரி மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரு கோட்டில் பிடித்து, இந்த இடத்தில் கடலடியில் பார் (பாறை) இருக்கிறது, வலையை விடு என்று சொல்வார்கள், வலை விட்டால் மீன் இருக்கும். எவ்வளவு அசந்து கரை சேர்ந்தாலும் கட்டுமரத்தை அவிழ்த்து, தடியைத் தனித்தனியாகக் காயப்போட்ட பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள். நனைந்த மரம் அடுத்த நாள் சரியாக மிதக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். பலகை வள்ளம் வைத்திருந்தவர்கள் இடுக்கில் பஞ்சு அடைத்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசிக் கலப்பத்துப் பார்ப்பார்கள், மீன் எண்ணெய் தேய்ப்பார்கள், அடியில் ஒட்டி வளர்கிற கொட்டலசுச் சிப்பி ஒன்று ஒட்டியிருந்தாலும் சுரண்டாமல் விடமாட்டார்கள். படகைப் பிள்ளை மாதிரி பார்த்த தாத்தாமாரின் பேரப்பிள்ளைகள் நாம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தலைச்சுமையாக மீன் விற்கிற ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த 500 ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, என் பெயரை எழுதாதே ஐயா, அந்தோணியாருக்குத் தெரிந்தால் போதும் என்றார். கப்பலில் இருக்கிற பிள்ளைகள் அவர்களாகவே பேசி வைத்து 25,000 அனுப்பினார்கள். திசையன்விளையில் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், நம்ம ஊரும் இல்லை, நம்ம கோயிலும் இல்லை, கயிறும் பெயிண்ட் பிரஷ்ஷும் இனாமாகத் தந்து கூடவே 5,000 ரூபாயும் கொடுத்தார், கடல்காரன் வந்தால்தானே எனக்கு வியாபாரம் என்று. தங்கள் வள்ளத்தின் ஒருநாள் மீன்பாட்டை அப்படியே கொடுத்த ஏழு வீட்டுக்காரர்களுக்கும், கல்யாண மொய்யில் ஒரு பங்கை எடுத்து வைத்த புது மாப்பிள்ளைக்கும், பூசைக்குப் பிறகு உண்டியல் ஏந்தி நின்ற பிள்ளைகளுக்கும் கமிட்டி கடன்பட்டிருக்கிறது. உங்கள் குடும்பத்தைச் சமுத்திரத் தாரகையான மாதா காப்பாற்றுவாள்.

கொடுக்காதவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். எஞ்சின் நின்று இருட்டில் கிடந்தபோது இதே படகு போய் இழுத்து வந்த வள்ளங்கள் நம்ம ஊரில் உண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் சிலர் பெயர் ரசீதுப் புத்தகத்தில் இல்லை. யார் என்று எழுதப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். திருவிழாவில் வாணவேடிக்கைக்கு அள்ளிக் கொடுக்கிற ஊர் இது, வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஆள் உயிரைத் தேடிப் போகிற படகுக்குக் கேட்கும்போது அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்னால் வருத்தமாக இருக்கிறது. ஒரு வள்ளத்துக்கு 1,000 ரூபாய், வெளியூரில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆளுக்கு 2,000 ரூபாய் என்று கமிட்டி கேட்கிறது. முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு.

புரட்டாசி முடிவதற்குள் பணம் வந்துசேர வேண்டும், மேஸ்திரி அதற்கு மேல் தேதி தரமாட்டேன் என்கிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் குருசடி (சிலுவைக் கோயில்) பக்கத்தில் கமிட்டி ஆட்கள் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்கள். வெளியூரில் இருப்பவர்கள் கமிட்டிச் செயலாளரிடம் வங்கிக் கணக்கு விவரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கு பில்லோடு கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், யாரும் வந்து கேட்கலாம்.

வருகிற சனிக்கிழமை காலை படகைப் புரட்ட இருபது பேராவது வேண்டும். பணம் கொடுக்க வழியில்லாதவர்கள் தோள் கொடுங்கள், அதுவும் நன்கொடைதான். மேஸ்திரிக்கும் அவருடைய உதவியாளுக்கும் வேலை முடியும்வரை மதியச் சோறு எந்தெந்த வீட்டில் என்பது இன்னும் முடிவாகவில்லை, போட முடிகிற வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுப் படகுக் கமிட்டி