கதேனாவில் எஃப்-15 போனது, இரைச்சல் போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானின் ஒகினாவா தீவிலுள்ள கதேனா விமானப்படைத் தளத்திலிருந்து அமெரிக்கா தன் எஃப்-15 போர் விமானங்களைத் திருப்பி அழைத்ததால் அக்கம்பக்கத்தார் நிம்மதியடைந்தார்கள் என்று தங்கள் ஞாயிறு இதழில் ஒரு துணுக்கு படித்தேன். விமானங்கள் போனது மெய். நிம்மதி என்பதுதான் இடிக்கிறது.

நான் நம் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக, இருந்து ஓய்வுபெற்றவன். மகள் ஒகினாவாவில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளோடு இரண்டரை மாதம் தங்கினேன். அவள் வேலைக்குக் கிளம்பியதும் நான் பஸ் பிடித்து, தளத்தை ஒட்டிய சாலையோர ஓய்விடத்துக்குப் போய்விடுவேன். அதன் மாடியில் நின்றால் ஓடுபாதைகள் கண்ணெதிரே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,700 மீட்டர். எனக்கு முன்பே ஜப்பானியப் பெரியவர்கள் சிலர் நீண்ட லென்ஸுகளோடு இடம் பிடித்திருப்பார்கள்.

அங்கேயே குடியிருப்பது அமெரிக்க விமானப்படையின் 18-வது விங் என்ற படைப்பிரிவு. வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் கேசி-135 டேங்கர்கள், முதுகில் வட்டத் தட்டு சுமக்கும் இ-3 ரேடார் விமானங்கள், மீட்பு ஹெலிகாப்டர்கள் எல்லாம் அதில் அடக்கம். (நான் பிறந்தது 1963-இல். அந்த டேங்கர்களில் சில எனக்கு மூத்தவை. இன்னும் பறக்க வைக்கிறார்களே, அந்த ஃபிட்டர்களுக்கு ஒரு சல்யூட்.) 1979 முதல் இருந்த எஃப்-15 ஸ்குவாட்ரன்கள் 2022 கடைசியில்தான் மூட்டை கட்டத் தொடங்கின. ஆனால் அதற்கு முந்தைய மாதமே அலாஸ்காவிலிருந்து எஃப்-22 போர் விமானங்கள் வந்து இறங்கிவிட்டன. அதன் பிறகு ஒரு படை போனால் இன்னொரு படை, சில மாதம் இருந்துவிட்டுப் போகிறது. ஊர்க்காரர்கள் இவற்றுக்கு 'கைராய்கி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; வெளியிலிருந்து வந்த விமானம் என்று பொருள். இனி எஃப்-15-இன் புதிய வகையான எஃப்-15இஎக்ஸ் 36 நிரந்தரமாக வரும் என்று 2024 ஜூலையில் அமெரிக்கா அறிவித்தாயிற்று.

எனக்கு ஜெட் சத்தம் பிடிக்கும், ஒளிக்கவில்லை. அதில்தான் சோறு தின்றேன். ஆனால் கதேனா ஊரின் நிலத்தில் 82 சதவீதம் தளத்துக்குள் போய்விட்டது. மிச்சத்தில் மக்கள் இருக்கிறார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை பறப்பதைக் கட்டுப்படுத்த 1996-இல் ஜப்பானும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன. 'அவசியமானவை தவிர' என்று அதில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. எது அவசியம் என்று சொல்வது அமெரிக்கப் படைதான். 1982 முதல் மக்கள் ஜப்பான் அரசு மீது வழக்குப் போடுகிறார்கள். 2022-இல் தொடுத்த நான்காவது வழக்கில் மனுதாரர்கள் 35 ஆயிரத்துக்கும் மேல். முந்தைய வழக்குகளில் நஷ்டஈடு கொடுக்கச் சொன்ன நீதிமன்றங்கள் பறப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அமெரிக்க விமானத்தைத் தடுக்க ஜப்பான் அரசுக்கு அதிகாரமில்லையாம்.

மகள் வீடு இஷிகாவா பகுதியில். அங்கே மியாமோரி தொடக்கப்பள்ளி இருக்கிறது. 1959 ஜூன் 30 அன்று, கதேனாவிலிருந்து கிளம்பிய எஃப்-100 போர் விமானம் ஒன்று தீப்பிடித்து, பிள்ளைகள் பால் குடிக்கிற நேரத்தில் அங்கே விழுந்தது. பிள்ளைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். விமானி பாராசூட்டில் தப்பினார். காரணம் பராமரிப்பில் நேர்ந்த பிழை என்று பிற்பாடு தெரியவந்தது. என் தொழில் அது. மகள் அதைச் சொன்ன மறுநாள் நான் மாடிக்குப் போகவில்லை.

அந்தத் துணுக்கில் 'நிம்மதி' என்ற சொல்லை மட்டுமாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற விமானப்படை ஊழியர், சூலூர்